தின்னவும் இல்லை, தீர்க்கவும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ‘யுரேனியம் தின்னும் பாக்டீரியா’ கட்டுரையில், நிலத்தடி நீரில் கரைந்த யுரேனியத்தை ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா ‘தின்று தீர்க்கிறது’ என்று எழுதி, “இனி பஞ்சாப் மக்கள் கவலையின்றித் தண்ணீர் குடிக்கலாம்” என்று முடித்திருக்கிறீர்கள். நல்லது. சேதி இன்னும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

யுரேனியம் ஒரு தனிமம், அதை எந்த உயிரும் தின்று செரிக்க முடியாது என்பது தாங்கள் அறியாததல்ல. நாம் ஆக்சிஜனைக் கொண்டு மூச்சு விடுகிறோம். ஜியோபாக்டர் இரும்பைக் கொண்டு விடுகிறது. போகிற போக்கில் யுரேனியத்தின் தலையிலும் எலக்ட்ரானைக் கட்டிவிடுகிறது. நீரில் கரைந்திருந்தது கரையாத வடிவமாகி மண்ணில் தங்கிவிடுகிறது. தங்குகிறது, ஐயா. தீர்வதில்லை.

கொலராடோ மாநிலம் ரைஃபிளில் பழைய யுரேனிய ஆலை இருந்த இடத்தில், 2002இல் ஜியோபாக்டருக்குத் தீனியாக நிலத்தடியில் அசிடேட் செலுத்திப் பார்த்தார்கள். வினிகருக்கு உறவுக்காரப் பொருள்தான். 50 நாளில் சில கிணறுகளில் யுரேனியம் 70 சதவீதம் வரை குறைந்தது. இதைப் போட்டீர்கள். அப்புறம் இரும்பு குறைந்து, சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக் கூட்டம் தலையெடுத்ததும் யுரேனியம் மறுபடி ஏறியதே, அதை ஏன் போடவில்லை? இடம் இல்லையா? எதிர்ப் பக்கம் முழுக்க ராசிபலன் இருந்தது.

வங்கி வேலையில் நான் பஞ்சாபின் பட்டிண்டாவில் நாலு வருஷம் இருந்தவன். குடியிருந்த வீட்டு அடிபம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை படியும். ராஜ்மா எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும். “காய்ச்சித்தானே குடிக்கிறோம்” என்று என் மனைவி தைரியம் சொல்வாள். காய்ச்சினால் யுரேனியம் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நிறமும் ருசியும் இல்லாத சனியன் அது. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியதா என்று சோதனைச் சாலைதான் சொல்ல வேண்டும்.

பஞ்சாபில், ரைஃபிள் போல ஆலைக் கழிவு ஓரிடத்தில் தேங்கி நிற்கவில்லை. பாறையிலும் மண்ணிலும் உள்ளதை, பைகார்பனேட் மிகுந்த நிலத்தடி நீர் மாவட்டம் மாவட்டமாகக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது. எத்தனை குழாய் இறக்கி எவ்வளவு அசிடேட் ஊற்றுவீர்கள்? போதாததற்கு உர மூட்டைகளின் நைட்ரேட் வேறு. அது இருக்கும்வரை நுண்ணுயிர்கள் முதலில் அதைத்தான் நாடும். படிந்த யுரேனியத்தைத் திரும்பக் கரைத்துவிடவும் நைட்ரேட்டால் முடியும்.

இங்கே எங்கள் தெருவில் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவரும் “எல்லாம் போயிடும் சார்” என்றுதான் சொன்னார். எங்கே போகும் என்று கேட்டேன். கழிவுநீர்க் குழாயைத் தோட்டத்துப் பக்கம் காட்டினார். அந்தத் தோட்டத்தில்தான் எங்கள் கிணறு.

தங்களுக்கு எழுதுவது இது முதல் முறையல்ல. ஃபுளோரைடைக் குளோரின் ஆக்கி ஒரு கட்டுரை வந்தபோது மூன்று பக்கம் எழுதினேன். “கட்டுரை அருமை” என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அதுவும் மரியாதைக்குப் போட்ட வரி.

அடுத்த இதழில் ‘தின்று தீர்க்கிறது’ என்பதற்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். இந்தக் கடிதத்தையும் போடுவதானால், ஊர் மன்னார்குடி. போன முறை மன்னார் என்று அச்சிட்டு என்னை இலங்கைக்கு அனுப்பிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
இருபது வருஷச் சந்தாதாரர்,
மன்னார்குடி.