எங்க போறீங்கன்னு கேக்குறது தொந்தரவு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஏற்காடு பத்தி வந்த வாசகர் கடிதத்த படிச்சேன். மலைகிராமம் பக்கம் நடந்து போனா ஊர்க்காரங்க நிறுத்தி நிறுத்தி எந்த ஊரு, யாரு கூட வந்தீங்க, எங்க போறீங்கன்னு கேக்குறாங்க, டூரிஸ்டுக்கு ப்ரைவசியே இல்லன்னு எழுதியிருந்தாரு. நான் சேலத்துக்காரிங்க, லீவு கெடச்சா நாகலூர் பக்கமோ மஞ்சக்குட்டை பக்கமோ நடக்கப் போயிடுவேன், பல தடவ தனியாவே போயிருக்கேன். அவரு தப்பா எடுத்துக்கிட்டாருன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன்.

மலைல அந்தக் கேள்விதாங்க வரவேற்பே. இந்தப் பொண்ணு இந்தப் பக்கம் போச்சுன்னு நாலு பேருக்கு தெரிஞ்சிருந்தாதான் பொழுது சாயறதுக்குள்ள திரும்பலன்னா யாராச்சும் தேடுவாங்க. காபி பழம் பறிக்கிற சீசன்ல ஒரு ஊர் வழியா போயிட்டிருந்தேன், வாசல்ல தார்பாய் விரிச்சு பழத்த காயப் போட்டிருந்த ஒரு ஆயா என்ன பாத்ததும் "எந்தூரு கண்ணு, ஒண்டியாவா வந்த?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். உடனே தார்பாய ஒரு ஓரமா மடிச்சு உக்கார எடம் பண்ணி குடுத்து, வெல்லம் போட்ட கடுங்காப்பி ஒரு டம்ளர் நீட்டிட்டு, கீழ ஓடைகிட்ட காட்டுமாடு நிக்குது அந்தப் பக்கம் போவாத, மேல தோட்டத்து வழியா சுத்திப் போன்னு சொல்லி பேரப்பையன வளைவு வரைக்கும் கூட அனுப்பி வெச்சாங்க. காசு குடுத்தா வாங்கல, முகமே மாறிடுச்சு, அப்புறம் அவங்க வீட்டு மெளக கொஞ்சம் வெலைக்கு கேட்டதும்தான் சிரிச்சாங்க. இதுல எனக்கு மனசுல நின்னது என்னன்னா, ரொம்ப தூரம் தள்ளி அடுத்த ஊருக்கு போனதும் அங்க ஒரு அண்ணன் "ஓடை பக்கம் எறங்கலல்ல பாப்பா?"ன்னு கேட்டாரு. எனக்கு முன்னாடியே சேதி போய் சேந்திருக்கு! இத ப்ரைவசி போச்சுன்னு எப்படிங்க சொல்றது?

1820கள்ல கலெக்டர் காக்பர்ன் இங்க காபி கொண்டுவந்த காலத்துல இருந்து வெளியாளுங்க வர்றதும் போறதும் எஸ்டேட் போடறதும்னு எல்லாத்தையும் பாத்துட்டே இருக்குற ஜனங்க இவங்க. அதுக்கப்புறமும் தெரியாத ஆளுக்கு வாசல்ல எடம் குடுக்குறாங்கன்னா அது அவங்க பெரிய மனசு.

கூட நடக்குறவங்களும் அப்படித்தான். கீழ சேலம் டவுன் ஐந்து ரோட்டுல மூஞ்சி குடுத்து பேசாதவங்க கூட கொண்டப்பநாயக்கன்பட்டில இருந்து ஏறுற நடபாதைல எதிர்ல வந்தா நின்னு, மேல வழுக்குது பாத்து ஏறுங்க, தண்ணி இருக்கான்னு கேப்பாங்க. ஒரு தடவ முன்னாடி போன பெங்களூர் பசங்க கூட்டத்துல ஒருத்தனுக்கு கால் பிசகிடுச்சு, பின்னாடி வந்துட்டிருந்த சேலத்து அங்கிள் ஒருத்தர் தன் பைல இருந்த க்ரேப் பேண்டேஜ எடுத்து கட்டிவிட்டு, ஊனிட்டு வந்த குச்சியையும் அவன்கிட்டயே குடுத்துட்டு எறங்கினாரு. பேரு கூட கேட்டுக்கல ரெண்டு பேரும்.

ஆனா இந்த வரவேற்பு இப்படியே இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லீங்க, அதுக்கு காரணம் நாமதான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற வண்டில பாதி ஸ்பீக்கர அலறவிட்டுட்டு வருது. காட்டுல பாட்டில ஒடச்சு போடறாங்க, அடுத்த நாள் அதே எடத்துல ஒரு பொம்பள வெறுங்கால்ல வெறகு பொறுக்கணும். குழாய்ல தண்ணி புடிக்கிறவங்கள கேக்காம கொள்ளாம போட்டோ எடுக்குறாங்க. கேட்டா "பப்ளிக் ப்ளேஸ்தானே"ங்கறாங்க. போன வருஷம் வரைக்கும் சிரிச்சு பேசுன ஒரு வீட்டுல இப்ப வண்டி சத்தம் கேட்டாலே கதவ சாத்திக்கிறாங்க, எனக்கு அவ்ளோ கஷ்டமா இருந்துச்சு.

இன்னொன்னும் சொல்லணும். 2018ல குரங்கணி காட்டுத்தீல அத்தன உயிர் போனதுக்கு அப்புறம்தான் ட்ரெக்கிங்குக்கு அரசு தனி விதி போட்டுச்சு, காட்டுப் பாதைல போகணும்னா வனத்துறை அனுமதி வேணும். 2024 அக்டோபர்ல 40 மலையேற்றப் பாதைய அரசு தொறந்தப்ப நம்ம சேலம் மாவட்டமும் அதுல இருந்துச்சு, உள்ளூர் ஆளுங்களுக்கே பயிற்சி குடுத்து கைடா கூட்டிட்டு போறாங்க. அதுதான் சரி. எங்க மாடு நிக்கும், எந்த ஓடைல திடீர்னு தண்ணி வரும்னு அவங்களுக்குத்தானே தெரியும், அந்தக் கூலியும் மலைலயே தங்கும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஏற்காடு பத்தி போடறப்பல்லாம் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட்டுன்னு போட்டோவும் பஸ் டைமும்தான் வருது. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு சுத்துப்பட்டு மலையாளி மக்கள் (கேரளாக்காரங்க இல்லீங்க, இந்த மலைல வாழற பழங்குடிங்க) எல்லாம் ஏறி வருவாங்க, 5300 அடிக்கு மேல அந்தக் குகைக்குள்ள சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்குறது அவங்க குலசாமிங்க மாதிரி. அங்க போறவங்க எப்படி நடந்துக்கணும், செருப்ப எங்க விடணும், யார்கிட்ட கேட்டுட்டு போட்டோ எடுக்கணும்னு ஊர்க்காரங்க வாயாலயே கேட்டு சீசனுக்கு முன்னாடி ஒரு பக்கம் போடுங்க. எங்க போறீங்கன்னு யாராச்சும் கேட்டா நின்னு பதில் சொல்லுங்கன்னும் அதுல சேத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்