ஜார்ஜியாவின் வெற்றி அண்டை வீட்டார் கொடுத்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஐரோப்பிய நாடுகள் தங்கள் பாடகர்களை அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷனின் சிறுவர் பிரிவான சிறுவர் யூரோவிஷன் பாட்டுப் போட்டியைப் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2025 டிசம்பர் 13 அன்று ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் 18 நாடுகள் பங்கேற்றதையும், பிரான்ஸ் வென்றதையும் சரியாகவே எழுதியிருந்த கட்டுரையாளர், போட்டியை நடத்திய நாட்டுக்கு மட்டும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெரியவர்களுக்கான யூரோவிஷனில் ஒருமுறைகூட வெல்லாத ஜார்ஜியா, சிறுவர் போட்டியில் நான்கு முறை வென்றதற்கு அண்டை நாடுகளின் தயவும் அதிர்ஷ்டமுமே காரணம் என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் அண்ணன் மகள் திபிலிசியில் மருத்துவம் படிக்கப் போனதிலிருந்து இந்தப் போட்டியை ஆண்டுதோறும் விடாமல் பார்த்தும் வருகிறேன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் அண்டை நாடுகளின் கணக்கைப் பார்ப்போம். ஜார்ஜியாவோடு எல்லையைப் பகிரும் நாடுகள் ரஷ்யா, துருக்கி, அசர்பைஜான், ஆர்மீனியா ஆகிய நான்கு. துருக்கி இந்தச் சிறுவர் போட்டியில் இதுவரை கலந்துகொண்டதே இல்லை. அசர்பைஜான் சில ஆண்டுகள் வரும், பல ஆண்டுகள் வராது. ரஷ்யா 2022 முதல் போட்டியிலேயே இல்லை. 2024-ல் மாட்ரிட் நகரில் ஆந்திரியா புட்கராட்சே என்ற சிறுவன் தன் தாயைப் பற்றிப் பாடி நான்காவது வெற்றியைத் தேடித் தந்தபோது, பங்கேற்ற 17 நாடுகளில் ஜார்ஜியாவின் அண்டை நாடாக இருந்தது ஆர்மீனியா ஒன்றுதான். பாதிப் புள்ளிகளை ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும், மறுபாதியை இணையவழி வாக்கும் தீர்மானிக்கிற ஒரு போட்டியில் ஒரே ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் தயவால் முதலிடத்துக்கு வந்துவிட முடியுமா என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

உண்மையில் அண்டை நாட்டு வாக்கு என்ற பேச்சு வரும்போது அவர் சொல்லியிருக்க வேண்டிய கதை வேறு. ஜார்ஜியா இந்தப் போட்டிக்கு முதன்முதலில் வந்தது 2007-ல். மறு ஆண்டு ஆகஸ்டில் அதற்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அது ஓய்ந்து மூன்று மாதம் சற்றே கடந்திருந்த நிலையில், நவம்பர் 22 அன்று சைப்ரஸின் லிமாசோல் நகர மேடையில், ரீங்கரிக்கும் பூச்சியின் பெயரைத் தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்ட ‘ப்ஸிகெபி’ என்னும் மூன்று குழந்தைகள் மஞ்சளும் கறுப்புமான உடையில் வந்து நின்றார்கள். அவர்கள் பாட்டில் பொருளுள்ள சொல் என்று ஏதும் இல்லை; ரீங்காரமும், குழந்தைகள் தாங்களே கற்பித்துக்கொண்டதுபோன்ற ஒரு மொழியும்தான். அந்தப் பாட்டு வென்றது. அந்த இரவில் ரஷ்யா தன் உச்சபட்சப் புள்ளியான பன்னிரண்டை ஜார்ஜியாவுக்குக் கொடுத்தது. மாஸ்கோவில் நடக்கவிருந்த பெரியவர்கள் போட்டிக்குப் போவதில்லை என்று முன்பு சொல்லியிருந்த ஜார்ஜியா, இதற்குப் பிறகு மனம் மாறிப் போக முடிவு செய்தது. ஆனால் தேர்ந்தெடுத்த பாட்டின் வரிகள் புதினைக் கேலி செய்வதாக இருக்கவே, போட்டி அமைப்பாளர்கள் அதை மாற்றச் சொன்னார்கள். மாற்ற மறுத்து ஜார்ஜியா விலகிக்கொண்டது. குழந்தைகள் சேர்த்துவைத்ததைப் பெரியவர்கள் ஆறு மாதம்கூட வைத்துக் காப்பாற்றவில்லை. பின்னர் 2017-ல் திபிலிசியிலேயே முதன்முறையாகப் போட்டி நடந்தபோது, கோப்பையை வாங்கியது ஒரு ரஷ்யச் சிறுமி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இதையெல்லாம் ‘தயவு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட முடியாது.

அடுத்து அதிர்ஷ்டம். ஒருமுறை என்றால் ஒப்புக்கொள்ளலாம். 2008, 2011, 2016, 2024 என்று பதினாறு ஆண்டு இடைவெளியில் நான்கு வெவ்வேறு குழந்தைகளுக்கோ குழுக்களுக்கோ அமைவதை அப்படிச் சொல்ல முடியாது. அந்த நாட்டின் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. இவ்வளவு சின்ன இடத்திலிருந்து இத்தனை குரல்கள் எப்படி வருகின்றன என்று எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டு ஓர் இரவு அண்ணன் மகள் கைப்பேசியில் அழைத்து, அவள் குடியிருக்கும் வீட்டுக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் பாடுவதைக் காட்டினாள். பாட்டி பாட்டை எடுத்தார். மகன் இன்னொரு குரலில் சேர்ந்துகொண்டார். ஏழெட்டு வயதுப் பேரன், தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, கீழே ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான், நம் நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் மாதிரி. அவனுக்கு மூச்சு முட்டிய இடத்தில் அவன் அம்மா, யாரும் சொல்லாமலே, அந்த ஸ்வரத்தை வாங்கிக்கொண்டார். பாடி முடித்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. ரொட்டிக் கூடை அடுத்தவருக்குப் போயிற்று.

மூன்று குரல்கள் மூன்று வழியில் போய்க்கொண்டே ஒன்றையொன்று தாங்கும் இந்தப் பல்குரல் பாட்டை 2001-லேயே யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில், நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியோடு, ஜார்ஜியாவின் ‘சக்ருலோ’ பாட்டும் போயிருக்கிறது. மற்றவர் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலை விட்டுவிடாமல் பாடுவதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வகுப்பறையில் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அங்கே அது பேரப்பிள்ளைக்குச் சாப்பாட்டோடு கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் பெரியவர்கள் போட்டியில் ஏன் ஒன்பதாம் இடத்துக்கு மேல் வர முடியவில்லை என்று கட்டுரையாளர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். சிறுவர் போட்டியில் பாட்டின் பெரும்பகுதி நாட்டின் சொந்த மொழியில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரியவர்கள் போட்டியில் 1999 முதல் அந்தக் கட்டாயம் இல்லாததால் ஜார்ஜியர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடுகிறார்கள். 2011-ல் யெரெவானில் வென்ற ‘கேண்டி’ குழுவில் ஒருத்தியாக இருந்த, ‘இரு’ என்ற பெயருடைய கெச்சனோவி, வளர்ந்து 2023-ல் லிவர்பூலுக்குப் போய் ஆங்கிலத்தில் பாடியபோது இறுதிச் சுற்றுக்கே வரவில்லை. ஆனால் மொழி ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவும் மாட்டேன். 2018-ல் லிஸ்பனில் ‘இரியாவோ’ குழு சொந்த மொழியில், அதே பல்குரல் முறையில் மிக நேர்த்தியாகப் பாடி, அரையிறுதியில் கடைசி இடத்தில் நின்றது. பெரியவர்கள் போட்டி என்பது விளக்கும் நெருப்பும் கொண்ட வேறொரு வியாபாரம். அங்கே தோற்றதை வைத்துக் குழந்தைகளின் வெற்றியை எடைபோடுவது சரியாகாது என்பதே என் வாதம்.

இந்தப் போட்டியில் குறையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2003-ல் கோபன்ஹேகனில் தொடங்கியபோது குழந்தைகளே பாட்டெழுத வேண்டும் என்றிருந்தது; இன்று பெரியவர்கள் எழுதித் தருகிறார்கள். இந்த எண்ணத்துக்கே வித்திட்ட டென்மார்க்கும், அதனுடன் நார்வேயும், குழந்தைகள்மேல் ஏறும் சுமை பிடிக்காமல் 2005-க்குப் பிறகு விலகிவிட்டன. எந்தப் பிள்ளையும் பூஜ்யத்தோடு வீடு திரும்பக் கூடாது என்று எல்லோருக்கும் தொடக்கத்திலேயே பன்னிரண்டு புள்ளி போட்டுவைக்கிற நல்ல வழக்கம் ஒன்று சில ஆண்டுகள் இருந்தது. அதை ஏன் எடுத்தார்களோ. என்றாலும், எங்கள் மாவட்டத்துப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி விரகதாபப் பாடலை அபிநயத்தோடு பாடியதற்கு மதிப்பெண் போட வேண்டியிருந்தவளுக்கு, ஒரு சிறுவன் அம்மாவைப் பற்றித் தன் தாய்மொழியில் பாடிப் பரிசு வாங்குவதைப் பார்க்க ஆறுதலாகவே இருந்தது.

ஆகவே, ‘அண்டை நாடுகளின் தயவு’ என்ற வரிக்குத் தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இனி இந்தப் போட்டியைப் பற்றி எழுதும்போது புள்ளிப் பட்டியலோடு, பிள்ளைகள் பாடிய பாட்டின் பொருளையும் நான்கு வரி தமிழில் போட்டால், என்னைப் போலச் சொல் புரியாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
மன்னார்குடி