மோட்டார்ஹோம் வாடகைக்கு விடுபவர்களே, எந்தச் சாலையில் போகலாம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் நகரில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய வண்டி) வாடகைக்கு விடும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தின் மேல் மட்டும் கோபம் என்றால் அவர்களுக்கே மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நான் ஒப்பிட்டுப் பார்த்தவரை உங்களில் பலருடைய விளம்பரமும் ஒரே மாதிரி, ஒப்பந்தமும் ஒரே மாதிரி, இது சொல்வதை அது மறுப்பதும் ஒரே மாதிரி. தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்கலாம். மெல்பர்னிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பங்கள் உங்கள் கவுண்டரில் நிற்கத்தான் போகின்றன, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களும் இதைப் படித்துவிட்டு வந்தால் நல்லதுதான்.

ஜூன் கடைசியில் விக்டோரியாவில் பள்ளி விடுமுறை தொடங்கும்போது இங்கே குளிர் ஆளைச் சுருட்டிப் போட்டிருக்கும். அதே நாட்களில் டாப் எண்ட் என்று சொல்லப்படும் டார்வின் சுற்றுவட்டார வடபகுதியில் மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி, பகலில் 30 டிகிரி வெயில். ஊரிலிருந்து அப்பா அம்மா வேறு வந்திருக்கிறார்கள், அவர்களைக் கூடாரத்தில் படுக்க வைக்க முடியாது, வழியில் கழிப்பறைக்கு அலையவும் விட முடியாது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி என்றால் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். விளம்பரத்தைத் திறந்தால் முதல் படமே ககாடு தேசியப் பூங்காவில் செங்குத்துப் பாறையிலிருந்து விழும் ஜிம் ஜிம் அருவி, பக்கத்தில் ஆறு பேர் படுக்கும் உங்கள் வெள்ளை வண்டி. பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

ஜிம் ஜிம் அருவிக்கு எப்படிப் போவது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? ககாடு நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மண்சாலை, அதற்குமேல் கடைசி 10 கிலோமீட்டர் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டுமே போகக்கூடிய தடம். அங்கிருந்து ட்வின் அருவிக்கு என்றால் ஓடையை வேறு தாண்ட வேண்டும், அதற்கு ஸ்நார்கல் (தண்ணீரில் இறங்கும்போது இன்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்) பொருத்திய வண்டியாகப் பார்த்து எடுத்துப் போகச் சொல்கிறார்கள். உங்கள் மோட்டார்ஹோமோ சாதாரண இருசக்கர இயக்க வண்டி. ஒப்பந்தத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முகாமுக்குள் நுழையும் சின்னத் துண்டுச் சாலைக்கு மட்டும் விலக்கு. வண்டியின் அடிப்பகுதியிலோ கூரையிலோ அடிபட்டாலும், தண்ணீருக்குள் இறக்கிக் கெடுத்தாலும், எவ்வளவு காப்பீடு எடுத்திருந்தாலும் செலவு நம் தலையில்.

இந்த விதிகளைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. விதி சரியானது. ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றில் கேஹில்ஸ் கிராஸிங் என்ற தரைப்பாலம் இருக்கிறது, கடல் ஏற்றம் வரும்போது தண்ணீர் அதன் மேல் புரண்டு ஓடும், கரையில் உப்புநீர் முதலைகள் மீனுக்குக் காத்திருக்கும், அங்கே வண்டிகள் அடித்துச் செல்லப்படுவது புதிய செய்தியும் இல்லை. அந்த இடத்தில் குடும்பத்தோடு மோட்டார்ஹோமை இறக்க யாராவது நினைத்தால் அவரைத் தடுக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. போகக் கூடாத இடத்தைக் காட்டி ஏன் விற்கிறீர்கள்?

இரவில் ஓட்டுவதைப் பற்றிய விதியும் இப்படித்தான். எனக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது என்று இருந்தது. நியாயமான விதி, இருட்டினால் வாலபிகளும் (சிறிய கங்காரு வகை) எருமைகளும் சாலையில்தான் நிற்கும். ஆனால் வண்டியை எடுக்கப் பிற்பகல் நேரம் கொடுத்து, காகிதம், கையெழுத்து, கார்டில் பாண்ட் பணம் (பிணைத்தொகை), கேஸ் சிலிண்டர் விளக்கம் எல்லாம் முடித்துச் சாவியைத் தரும்போது மணி நான்கு. ஜூலையில் டார்வினில் ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். ககாடுவில் இருக்கும் ஜபிரு ஊருக்கு சுமார் 250 கிலோமீட்டர், இந்த வண்டியில் மூன்று மணிநேரமாவது ஆகும். முன்பணம் கட்டிய முகாமை அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான், அல்லது விதியை மீற வேண்டியதுதான். நாங்கள் டார்வின் ஓரத்திலேயே இன்னொரு முகாமுக்குப் பணம் கட்டித் தங்கினோம்.

அந்த விளக்கத்தில் சிங்க் குழாயைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை ரோட் டிரெயினுக்கு (பல டிரெய்லர்களை இழுத்துவரும் லாரி) கொடுத்திருக்கலாம். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 53.5 மீட்டர் வரை நீளமுள்ள அந்த லாரிகள் எதிரே வரும்போது காற்று வண்டியையே தள்ளும், அதை முந்த எவ்வளவு வெற்றுச்சாலை தேவை என்று நகரத்தில் ஓட்டிப் பழகியவருக்குக் கணக்கே வராது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது எது தெரியுமா? தார்ச்சாலையை விட்டு இறங்காமலே இந்த வண்டியில் பார்க்க அவ்வளவு இருக்கிறது, அதை நீங்கள் விற்பதே இல்லை. ககாடுவில் பழங்குடிகளின் ஓவியங்கள் உள்ள உபிர் பாறை வரை தார்ச்சாலைதான். ஓவியங்கள் உள்ள சுற்றுப்பாதை ஒரு கிலோமீட்டர்தான், என் அம்மாவே நடந்தார். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் 2000 ஆண்டுகளுக்கும் முன்பே அழிந்துபோன தைலசீன் (முதுகில் வரிகள் கொண்ட, நாய் போன்ற விலங்கு) அந்தப் பாறையில் ஓவியமாக இன்னும் இருக்கிறது. மேலே ஏறினால் நடாப் சமவெளி பச்சையாக விரிந்து கிடக்கும். புருங்குய் ஓவியங்களுக்கும் தார்ச்சாலை. கூயிண்டாவில் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு யெல்லோ வாட்டர் நீர்நிலையில் அதிகாலைப் படகு ஏறினால் முதலை, மேக்பை வாத்து, கறுப்புக் கழுத்து நாரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் (கையை மட்டும் வெளியே நீட்டாதீர்கள்). நிட்மிலுக் தேசியப் பூங்காவின் 13 பள்ளத்தாக்குகளுக்கான படகுத்துறைக்கும் கேதரின் ஊரிலிருந்து நல்ல சாலை. 1989-இல் அங்குள்ள ஜாவோய்ன் பழங்குடி மக்களுக்கே திரும்பக் கிடைத்த நிலம் அது. லிட்ச்ஃபீல்டு பூங்காவில் வடக்கு தெற்காகப் பலகை போல நிற்கும் கரையான் புற்றுகளும் ‘வாங்கி’ (Wangi) என்ற அருவியும் சாலையோரம்தான். உங்கள் வெள்ளை வண்டியை உபிர் நிறுத்துமிடத்தில் நிறுத்திப் படம் எடுங்களேன், ஒப்பந்தமும் குறுக்கே வராது.

அப்புறம் மாதக் கணக்கு. ககாடுவின் பினிஞ் பழங்குடி மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள், நம் முன்னோர் பிரித்ததும் ஆறு, உங்கள் கட்டண அட்டவணையில் மட்டும் இரண்டு: விலை கூடிய காலம், விலை குறைந்த காலம். ஏப்ரலில் புயல்மழை புல்லைச் சாய்க்கும் பங்கெரெங் பருவத்தில் பல இடங்கள் இன்னும் மூடியே கிடக்கும், உபிர் போகும் வழியில் மகேலா ஓடை நிறைந்து ஓடினால் அந்தத் தார்ச்சாலையும் அடைபடும். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பூங்கா நிர்வாகமே தன் தளத்தில் வெளியிடுகிறது. அந்த இணைப்பை முன்பதிவு மின்னஞ்சலில் சேர்க்க உங்களுக்கு என்ன செலவு?

நான் கேட்பது இவ்வளவுதான். முன்பதிவுப் பக்கத்தில் ஒரு வரைபடம், இந்த வண்டி போகலாம் என்ற சாலைகள் ஒரு நிறத்தில், கூடாதவை இன்னொரு நிறத்தில். இரவுத் தடை இருந்தால் காலையிலேயே சாவி. ஜிம் ஜிம் பார்த்தே தீரவேண்டும் என்பவருக்கு, அங்கே போகும் சுற்றுலா வண்டியில் ஒரு நாள் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. இதெல்லாம் கார்டு எண்ணைக் கேட்பதற்கு முன்னால் திரையில் வரவேண்டும். கவுண்டரில் பேனாவைக் கையில் கொடுத்து, பின்னால் வரிசை நிற்கும்போது, பதினேழாம் பக்கத்தைக் காட்டுவது போதாது.

இப்படிக்கு,
மெல்பர்னிலிருந்து ஒரு வாடிக்கையாளர்