வாசித்ததும் விளங்கியதும்

யாழ்ப்பாணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற கிழமை நீ அனுப்பிய நீண்ட செய்தியை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கைத்தொலைபேசியில். இரண்டாம் முறை, சந்திக் கடையில் அச்செடுத்து வந்து, விறாந்தைக் கதிரையில் இருந்து வாசித்தேன். சிரிக்காதே. சின்னவன் பாடசாலை கொடுத்த ஐபாட் திரையில் வேகமாக வாசிக்கிறான், ஆனால் வாசித்ததைத் திரும்பச் சொல்லக் கேட்டால் தடுமாறுகிறான் என்று அவனுடைய ஆசிரியை சொன்னதாக நீ எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரி முதல் வாசிப்பில் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவனுக்கே அப்படி என்றால், ஒன்பது வயதுப் பிள்ளையை நாம் நோவதில் நியாயமில்லை.

ஆசிரியை சொன்னதை நானும் கண்டிருக்கிறேன். இரண்டு கிழமைகளுக்கு முன் பனையைப் பற்றிய ஒரு பக்கத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். பிழையில்லாமல் வாசித்து முடித்து, "விளங்கிச்சு அம்மப்பா" என்றான். கருப்பநீர் இறக்கும் முட்டிக்குள் எதற்காகச் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்கு முன் அவன் வாயால் வாசித்த செய்திதான் அது. பதில் வரவில்லை, விரல் திரையில் மேலும் கீழும் ஓடியது மட்டும் எனக்குத் தெரிந்தது. இதே பிள்ளை போன ஆடி மாதம் இங்கே நின்றபோது, பழைய சிறுவர் சஞ்சிகை ஒன்றில் கடலாமையைப் பற்றி வாசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நான் கேட்டதும், "ஆமைப் படத்துக்குக் கீழே, இடப்பக்க மூலையில் இருந்தது" என்று தொடங்கி முழுவதையும் சொன்னான். அந்த இடப்பக்க மூலையை நான் மறக்கவில்லை. தாளில் வாசிக்கும்போது செய்தியோடு அதன் இடமும் மனத்தில் பதிகிறது. எவ்வளவு வாசித்தோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கைகளே அறிந்து வைத்திருக்கின்றன. திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருப்பதால், நினைவு பிடித்துக்கொள்ள ஒரு மூலை கிடைப்பதில்லை.

இதைக் கிழவனின் ஏக்கம் என்று நீ ஒதுக்கிவிடாதிருக்க, உங்கள் நாட்டிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். நோர்வேயின் ஸ்தவாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மாங்கன் என்பவரும் அவருடைய குழுவினரும் பத்தாம் வகுப்பு மாணவர் 72 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரே பகுதிகளை ஒரு பிரிவினருக்குத் தாளிலும் மற்றவர்களுக்குக் கணினித் திரையிலும் வாசிக்கக் கொடுத்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தாளில் வாசித்தவர்களே நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். 2018இல், அதுவரை வந்த 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,71,000 பேரின் வாசிப்பை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் தாளின் பக்கமே தராசு சாய்ந்தது. கதை வாசிப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தகவல் நிறைந்த பாடப் பகுதிகளிலும், நேரம் குறித்து வாசிக்கும்போதுந்தான் திரை பின்தங்கியது. திரைக்குப் பழகிய தலைமுறை வர வர இந்த இடைவெளி சுருங்கும் என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2000 முதல் 2017 வரையான ஆய்வுகளை வரிசைப்படுத்தியபோது அது கூடிக்கொண்டு போயிருந்தது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. திரையில் வாசிப்பவர்கள், தமக்கு விளங்கிவிட்டது என்று உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பிட்டு, முன்னதாகவே நிறுத்திவிடுகிறார்கள் என்று இஸ்ரேலில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சின்னவனின் "விளங்கிச்சு" என்ற சொல் அப்போது என் காதில் திரும்ப ஒலித்தது. அவன் பொய் சொல்லவில்லை. தனக்கு விளங்கியது என்றே நம்பினான். கடினமான பகுதி என்றால் மெதுவாகப் போக வேண்டும், விளங்காத வரிக்குத் திரும்ப வேண்டும் என்ற பழக்கம் அந்தக் கண்ணாடியின் முன் எழுவதில்லை. செய்தி, விளையாட்டு, படம் என்று நாளெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அதே பலகையில் பாடத்தையும் வைத்தால், விரல் தன் பழைய வேகத்தையே எடுத்துக்கொள்கிறது.

அவன் கையால் எழுதிப் பழகத்தான் வேண்டுமா, தட்டெழுதினால் போதாதா என்றும் கேட்டிருந்தாய். விசயதசமியன்று உன் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் "அ" எழுதி ஏடு தொடக்கியது நினைவிருக்கும். நீ அழுத அழுகை ஊருக்கே கேட்டது. எழுத்தின் வடிவத்தைக் கை அறிந்த பின்புதான் கண் உறுதியாக அறிகிறது என்று நான் அனுபவத்தில் நம்பி வந்தேன். நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் 36 மாணவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பார்த்து, கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் விசைப்பலகையில் தட்டும்போதைவிடப் பரவலாக இணைந்து இயங்குவதாக 2024இல் எழுதினார்கள். அந்த ஆய்வில் மாணவர்கள் ஒற்றை விரலால் மட்டுமே தட்டினார்கள் என்பதால் அதை நான் வேதவாக்காக எடுக்கவில்லை. இருந்தாலும் தமிழின் 247 எழுத்துகளை அவன் தட்டித் தட்டியே கற்பான் என்று நம்ப என்னால் முடியவில்லை. "ண"வுக்கும் "ன"வுக்கும் சுழி எத்தனை என்று கையைக் கேட்டால் கை சொல்லும்.

நான் திரைக்கு எதிரி என்று மருமகன் நினைக்கக் கூடாது. 1981இல் நம்முடைய யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எனக்கு 24 வயது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. தாள் எவ்வளவு எளிதாக அழியும் என்பதை அறிய எனக்கு ஆய்வு வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து யாரும் வாசிக்க வைத்திருப்பதால்தான், நான் இளவயதில் வாசித்த சில இதழ்களை இன்று மீண்டும் பார்க்க முடிகிறது. 2022 பங்குனியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. ஒரு கொப்பியின் விலையைக் கேட்டுத் தாய்மார் திரும்பிப் போனதைக் கண்டேன். அதே மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததால் திரையும் கைகொடுக்கவில்லை என்பது வேறு கதை.

ஆகையால் பாடசாலை கொடுத்த ஐபாட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீ ஆசிரியையோடு மல்லுக்கட்டாதே. நோர்வேயின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேர்ள்ஸ் என்னும் பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் 2016இல் பெற்ற 559 புள்ளிகள் 2021இல் 539 ஆகக் குறைந்தன. இடையில் கொரோனா வந்ததை மறந்து எல்லாப் பழியையும் ஐபாட்டின் தலையில் கட்டுவது சரியன்று. ஆனால் அயல்நாடான சுவீடன் 2023இல் அச்சுப் பாடநூல்களை மீண்டும் வகுப்புக்குக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, தகவல் பாடங்களை மட்டும் தாளில் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பார். கேட்பதில் தவறில்லை.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். நம் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு நான் எட்டு மாதங்களாகப் போகாமல் இருந்தேன். பத்திரிகை கைத்தொலைபேசியிலேயே வருகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். போன வியாழன் போய், ஒரு மேசையில் முழுப் பத்திரிகையை விரித்தபோது, தலைப்புகளை மட்டும் பார்த்து நகரும் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறிவிட்டது என்பதைக் கண்டேன். ஆசிரியத் தலையங்கத்தின் மூன்றாம் பந்திக்குள் கை இரண்டு முறை சட்டைப் பைக்குப் போனது. அங்கே என்னைத் தவிர இருந்த மூவரும் என்னைவிட மூத்தவர்கள்.

ஆகவே சின்னவனோடு சேர்ந்து நானும் திருந்தலாம் என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். நாட்டார் கதைத் தொகுப்பு ஒன்றையும், ஈழத்துப் பறவைகளைப் பற்றிய சிறு நூல் ஒன்றையும் இரண்டிரண்டு படி வாங்கினேன். ஒரு படி உனக்குப் பொதியில் வருகிறது, மற்றது என் மேசையில் இருக்கிறது. ஞாயிறுதோறும் உங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு, எனக்கு இரவு ஏழரைக்கு, வைபரில் அழையுங்கள். தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவன் தன் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க, நான் என்னுடையதில் அடுத்த பக்கத்தை வாசிப்பேன். பறவை நூலை முதலில் எடுப்போம். அவனுக்குக் கடினமாக இருப்பது அந்த வகைதான். விளங்காத சொல்லை அப்போதே தேடிப் பார்க்காமல் பென்சிலால் கோடிட்டு வைக்கச் சொல். புத்தகம் அழுக்காகும் என்று நீ தடுக்காதே. பொதியில் பென்சில்கள் ஆறும் அழிறப்பர் ஒன்றும் வைத்திருக்கிறேன், அம்மா வறுத்த மிளகாய்த்தூளும் அதற்குள் இருப்பதால் கவனமாகப் பிரி.

அன்புடன்,
அப்பா