கஃபே மரோனும் ஒரு பாக்டீரியாவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஆய்வகத்துல நல்ல சாப்பாடும் சூடும் கெடச்சா 20 நிமிஷத்துக்கு ஒருதடவ ரெண்டா பிரியும், ஜோடி வேணாம், பூ வேணாம். நம்ம மொரிஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவோட கஃபே மரோன் செடி கதை நேர்மாறு, அழிஞ்சே போச்சுன்னு கைவிட்ட செடிய 1980 வாக்குல ஒரு ஸ்கூல் பையன் கண்டுபிடிச்சான், அதுவும் ஒரே ஒரு செடி. சுத்தி வேலி போட்டும் சனங்க மருந்துக்குன்னு கிளைய ஒடிச்சாங்க (முழுசா கோவப்படவும் முடியல, கை வைத்தியம் நம்ம வீட்லயும் உண்டுதானே). 1986ல லண்டன் கியூ தோட்டத்துக்குக் கிளைத்துண்டு போச்சு, வேர் விட்டுச்சு, பூத்துச்சு, ஆனா விதை மட்டும் வரவே இல்ல, 2003லதான் அங்க செடி வளர்க்கற நிபுணர் கார்லோஸ் மக்டலேனா ஒருவழியா விதை எடுத்தாரு.

வெட்டி நட்ட செடி எல்லாம் தாய்ச்செடியோட நகல்தான், பாக்டீரியாவும் நகல்தான் போடுது, ஆனா அது கோடிக்கணக்குல பெருகறதால மாற்றம் தானா வந்து மருந்தையே ஏமாத்துது. செடிக்கு அந்த வசதி கெடையாது, ஒரு நோய் வந்தா மொத்தமும் போகலாம், அதனாலதான் அச்சு நகலா இல்லாம கொஞ்சம் மாறி வர்ற விதைக்கு இத்தன பாடு. ரோட்ரிக்ஸுக்குத் திரும்பி வந்த அந்த விதைங்களோட கன்னுங்க இப்ப எப்படி இருக்குன்னு உங்க நிருபர் யாரையாச்சும் அனுப்பி எழுதச் சொல்லுங்க சார்.

ஒரு வாசகர், ரோஸ் ஹில்