ஜிப்ஸிக்கு வைத்த ஆப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மலைப்பாதை வண்டிகளை உயர்த்துவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பட்டை எனும் வில் தகடு, ஷாக் அப்சார்பர், டயர் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு வரிதான் இடித்தது. உயர்த்திய பிறகு வண்டி அதிர்ந்தால், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு கொடுத்து, பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்கும்படி நிமிர்த்தினால் போதும் என்கிறது அந்த வரி. (டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி; அங்கிருந்து வரும் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, ஆக்சிலில் வந்து சேரும் பல்சக்கர முனைதான் பினியன்.) அந்த ஆப்பு எனக்கு ஏற்கெனவே வைக்கப்பட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

என்னுடையது 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸி கிங். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்வர வாங்கியது. நாலு பக்கமும் லீஃப் பட்டை, முன்னும் பின்னும் முழு ஆக்சில். மழைக்காலத்தில் அடி தட்டுகிறதே என்று 3 அங்குலம் உயர்த்தினேன். (பட்டறையின் பெயர் வேண்டாம், பாவம்.) மலையில் 40-க்கு மேல் ஓட்ட வழியில்லை என்பதால் ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை ரோட்டில் 60-ஐத் தொட்டபோதுதான், கால் மரத்துப்போகிற மாதிரி தரைக்கடியில் ஓர் உறுமல்.

பட்டறையில் வீல் பேலன்ஸ் செய்தார்கள். போகவில்லை என்றதும் மறுபடியும் வீல் பேலன்ஸ். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 8 சுற்றுதான் சுற்றும்; அதில் கோளாறு என்றால் ஸ்டியரிங் ஆடும். ஷாஃப்டோ நொடிக்கு 30 சுற்றுக்கு மேல். ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுற்றும் ஜாயின்டில் கோணக் கோளாறு இருந்தால் சுற்றுக்கு இரண்டு உதறல், அதாவது நொடிக்கு 60. அது ஆட்டமாகத் தெரியாது, உறுமலாகத்தான் கேட்கும். நியூட்ரலில் உருளவிட்டாலும் உறுமியது, ஆகவே இன்ஜின் இல்லை. முன் சக்கரங்களின் ஹப் பூட்டைத் திறந்துவிட்டு முன் ஷாஃப்ட் சுற்றாமல் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் உறுமியது. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள குட்டை ஷாஃப்டின் கோணம், வண்டியை உயர்த்துவதால் மாறுவதே இல்லை. மிச்சம் பின் ஷாஃப்ட்தான்.

அப்புறம்தான் 4 டிகிரி ஆப்பு வந்தது. 60-ல் தொடங்கிய உறுமல் இப்போது 45-லேயே தொடங்கியது. இரண்டு வாரத்தில் பினியன் ஆயில் சீலும் கசிந்தது.

காரணம் ரொம்பப் பழையது. 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் எழுதிவைத்ததுதான். கிராஸ் ஜாயின்ட் (சிலுவை வடிவத் துண்டு நடுவே வைத்த இணைப்பு) ஒன்று சாய்ந்து சுற்றும்போது, இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 டிகிரிச் சாய்வில் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் அது 6 சதவீதம். இதைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில் இரண்டாவது ஜாயின்ட். ஆனால் இரண்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் உதறலை மற்றது அடக்கும். பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதற்கு அர்த்தம் அதுதான். என் வண்டியில் ஆப்புக்கு முன் மேலே 11, கீழே 11 டிகிரி. ஆப்புக்குப் பின் மேலே 11, கீழே 7. ஒற்றை ஜாயின்டை எட்டரை டிகிரி சாய்த்து ஓட்டுவதற்குச் சமம் இது.

பினியனை நிமிர்த்தும் வைத்தியம் பொய்யில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் அடுத்தடுத்து இரண்டு கிராஸ் வைத்த இரட்டை ஜாயின்ட் ஷாஃப்டுக்கு அது சரி. பழைய ஜீப் ராங்ளர் டிஜேயின் முன் ஷாஃப்ட் அப்படித்தான் இருக்கும். அந்த இரட்டை ஜாயின்ட் தன் கோணத்தைத் தனக்குள்ளேயே சரிசெய்துகொள்ளும், அதனால் கீழ் ஜாயின்ட் நேராக இருந்தாலே போதும். அந்த வண்டிக்கு எழுதிய மருந்துச்சீட்டை ஜிப்ஸிக்குக் கொடுத்தால் எப்படி? முன் ஆக்சிலில் இதே ஆப்பை வைப்பவர்களும் இருக்கிறார்கள். பினியன் நிமிரும்போது காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நம் கொண்டை ஊசி வளைவுகளில் அது விளையாட்டு இல்லை.

சரி, ஆப்புக்கு முன்பு கோணம் சமமாகத்தானே இருந்தது, அப்போது ஏன் உறுமியது? மேட்டுப்பாளையத்தில் லாரி ஷாஃப்ட் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கீழே படுத்துப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "தம்பி, அம்புக்குறி சேரலையே." வண்டியை உயர்த்தும்போது ஷாஃப்டைக் கழற்றியவர்கள், நடுவே நீண்டு சுருங்கும் ஸ்ப்லைனை (பல் வெட்டிய இணைப்பு), இரு பாதியிலும் உள்ள குறிகள் சேராமல், ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். இரு முனை யோக்குகளும் (ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இல்லாவிட்டால் கோணம் சமமாக இருந்தும் பயனில்லை. ஆப்பைக் கழற்றி, குறியைச் சேர்த்ததும் முக்கால்வாசி உறுமல் போய்விட்டது.

மீதிக் கால்வாசி போகாது என்றும் அவரே சொல்லிவிட்டார். இரண்டு முனையும் சீரானாலும், நடுவில் உள்ள ஷாஃப்ட் முந்திப் பிந்தித்தான் சுற்றும். கோணம் கூடக்கூட அந்த உதறலும் கூடும். 70 செ.மீ. ஷாஃப்டின் ஒரு முனை 3 அங்குலம் இறங்கினால் ஏறத்தாழ 6 டிகிரி கூடிவிடுகிறது. கடைசியில் நான் உயரத்தை ஒன்றரை அங்குலமாகக் குறைத்துக்கொண்டேன்.

வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது தனிக் கதை, விடுங்கள். அடுத்த இதழில் ஆப்பு விஷயத்தில் மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள். ஷாஃப்டைக் கழற்றும் முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளவும் சொல்லுங்கள்.

என் இரண்டு ஆப்பும் சும்மாதான் கிடக்கின்றன. கட்டுரையாளருக்கு வேண்டுமென்றால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜிப்ஸிக்காரன், கோத்தகிரி