சீகையை வெட்டிய பிறகு என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஆகிய அந்நிய மரங்களை அகற்றும் பணி குறித்த செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இப்பணியை வரவேற்கிறேன். ஆனால் மேலே காட்டுக்கு ஒரு திட்டம், கீழே தோட்டத்துக்கு வேறொரு திட்டம் என்று துறைகள் தனித்தனியே செயல்படுவதால், ஓடைக்குக் கிடைக்க வேண்டிய பலன் கிடைப்பதில்லை.

பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் இருந்த மலை இது. அந்தப் புல்வெளியைத் தரிசு என்று கருதி, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் சீகையை நட்டார்கள். கற்பூர மரம் பின்னாளில் மரக்கூழிலிருந்து செயற்கை இழை தயாரித்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கும் சென்றது. இதன் விளைவை உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அளந்தே காட்டியிருக்கிறது. புல்வெளியில் கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து ஓடையில் வெளியேறிய நீர், முதல் பத்தாண்டுகளில் 16 விழுக்காடு குறைந்தது. பைக்காரா, குந்தா மின் நிலையங்களும் சமவெளியில் பவானிப் பாசனமும் இந்த மலையோடைகளை நம்பித்தான் இருக்கின்றன.

சீகையை வெட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் கீரைப் பாத்தி போல நெருக்கமாக முளைத்துவிடும். நாற்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கி, மண் கரைவதற்குள் மலைப்புல்லைப் பதியம் வைத்தால்தான் புல்வெளி மீளும். இந்தப் பின்பணிக்கும் கூலி ஒதுக்கப்பட வேண்டும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்குக்காக அந்த வெற்றிடத்தில் மீண்டும் மரக்கன்று நட்டால், பழைய தவறையே புதுப் பெயரில் செய்தவர்களாவோம். புல்வெளியும் காட்டின் ஒரு பகுதிதான்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். ஓடையோரச் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்து, கரை வரை உழுகிறோம். சரிவின் குறுக்கே பாத்தி எடுத்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்ற அச்சத்தில் மேலிருந்து கீழாகவே எடுக்கிறோம். மழையில் மேல்மண் அப்படியே இறங்கி அணைகளில் சேர்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, உரம் போட்டு வளர்த்த மண் எவ்வளவு போயிருக்கும் என்பதை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரிவைப் படிக்கட்டு போல வெட்டி, உட்புறம் சற்றே சாய்ந்த படிமட்டங்களை வடிகாலோடு அமைத்தால் கிழங்கும் அழுகாது, மண்ணும் போகாது. ஆயினும் ஓரிரு போகத்துக்குக் குத்தகை எடுத்தவர் அந்தச் செலவை எதற்காகச் செய்வார்?

ஆகவே வனத்துறையும் தோட்டக்கலைத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஒரே திட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். முகட்டில் சீகை அகற்றப்படும் அதே ஆண்டில் கீழே படிமட்டம் அமைக்க, நில உரிமையாளர், குத்தகைதாரர் இருவருக்கும் மானியம் தரலாம். ஓடையோரத்தில் சில அடி அகலம் உழாமல் புல்லுக்கு விடுபவருக்கு இழப்பீடு தரலாம். வெட்டிய சீகையில் ஒரு பங்கை விறகாக ஊராருக்குக் குறைந்த விலையில் கொடுப்பதும் நல்லது, ஏனெனில் இன்றும் பல வீடுகளில் அடுப்பெரிவது அதில்தான். எமரால்டு அணைக்கு நீர் தரும் ஓடைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து, வரும் பருவமழைக்கு முன்பாகவே இதைத் தொடங்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைக் காய்கறி விவசாயி ஒருவர்,
நீலகிரி மாவட்டம்.